"சொந்தக் காரணங்களுக்காக": மட்டக்களப்பில் ஒரு கடன் உத்தியோகத்தரின் வேலை விலகல் பற்றிய நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு மாவட்டத்தில் இயங்கும் ஒரு நுண்கடன் நிறுவனத்தின் கிளையில் நான்கு வருடங்களும் எட்டு மாதங்களும் வேலை செய்த ஒரு பெண் உத்தியோகத்தர், 2025 ஜனவரி நடுப்பகுதியில் தன் கைப்பட எழுதிய விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறினார். அவர் விரும்பி விலகினாரா, ஏசி ஏசியே விலக வைக்கப்பட்டாரா என்பதுதான் பின்னர் எழுந்த பிணக்கு. முறைப்பாட்டையும் தொழில் நியாய மன்றுக்கான விண்ணப்பத்தையும் எழுதுவதற்கு உதவியவன் என்ற முறையில் நான் இந்த விடயத்தின் ஆவணங்களைப் பார்த்திருக்கிறேன், குரல் பதிவுகளைக் கேட்டிருக்கிறேன். மறுதரப்பின் நிலைப்பாட்டை, அவர்கள் விசாரணையில் சொன்ன அளவில் மட்டும் இங்கே தருகிறேன். முறைப்பாட்டாளரின் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன். அவரையோ கிளையையோ அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

இந்தக் கதையைக் கேட்ட பலர், "அந்த முகாமையாளர் கோபக்காரர்" என்று சொல்லி முடித்துவிட்டார்கள். ஆவணங்களை வரிசையாக வைத்துப் பார்த்த பிறகு என்னால் அப்படி எண்ண முடியவில்லை. அந்தக் கிளையில் ஏச்சு என்பது வசூலிக்கும் முறையின் ஓர் அங்கமாக இருந்தது. அதற்கு நேரம் இருந்தது, இடம் இருந்தது, யார் யாரை ஏசலாம் என்ற ஒழுங்கும் இருந்தது. ஒருவரின் குணம் என்று அதை ஒதுக்கிவிட்டால், அவர் மாற்றலாகிப் போன மறுநாள் அவருடைய கதிரையில் வந்து அமர்பவரும் அதையே செய்யும்போது நாம் வியந்துகொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

வேலையும் வீடும்

முறைப்பாட்டாளர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள ஒரு வயற்கிராமத்தைச் சேர்ந்தவர். தகப்பன் பிறருடைய வயலில் கூலிக்கு நிற்பவர். மூன்று பெண் பிள்ளைகளில் இவரே மூத்தவர். உயர்தரத்தில் கலைப்பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருந்தும் வெட்டுப்புள்ளி காணாததால் பல்கலைக்கழகம் போக முடியாமல், இருபத்திரண்டு வயதில் இந்த வேலையில் சேர்ந்தார். கிளை வாவிக்குக் கிழக்கே, கடலோரத்து எழுவான்கரையில் இருந்தது. வாவிக்குக் குறுக்கே 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பிறகு படுவான்கரைப் பிள்ளைகள் படகுக்காகக் காத்து நிற்காமல் கரையோரத்து அலுவலகங்களுக்குத் தினமும் வந்து போகக்கூடியதாக இருக்கிறது. கிழமைக் கடன் வசூலிப்பவர்களின் மோட்டார் சைக்கிள்களும் அதே பாலத்தால்தான் அக்கரைக்குப் போகின்றன.

"அவ்வளவு ஏச்சு என்றால் ஏன் ஆறு மாதத்திலேயே விட்டுவிட்டு வரவில்லை?" என்ற கேள்வியை அவரிடம் எல்லோரும் கேட்டார்கள். விசாரணையில் நிறுவனமும் இதையே கேட்டது. கிழக்கில் பிறந்தவர்களுக்கு இதற்கான பதிலில் பாதியை விளக்க வேண்டியதில்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். தகப்பனின் கூலியில் எழும்பாத வீடு இவருடைய சம்பளத்தில் எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் முடிந்து, கூரை போடப்படாமல் நின்ற அந்த வீட்டுக்குப் பின்னால் இன்னும் இரண்டு தங்கைமாருக்கான வீடுகள் இருந்தன. வேலைக்கென்று லீசிங்கில் எடுத்த ஸ்கூட்டிக்கு மாதத் தவணை கட்ட வேண்டியிருந்தது. இவற்றோடு, வேலையில் சேரும்போது நிறுவனம் இரண்டு பிணையாளிகளின் கையெழுத்தைக் கேட்டிருந்தது. தாய்மாமனும் அயல்வீட்டு ஆசிரியர் ஒருவரும் கையெழுத்திட்டிருந்தார்கள். காசுக் கணக்கில் ஏதாவது குறை வந்தால் அந்த இருவரும் பொறுப்பு. இந்தக் கையெழுத்துகள் பின்னர் எதற்குப் பயன்படுத்தப்பட்டன என்பதைக் கீழே சொல்கிறேன்.

காலைக் கூட்டம்

காலை ஏழே முக்காலுக்குக் கூட்டம் தொடங்கும். வெள்ளைப் பலகையில் ஒவ்வோர் உத்தியோகத்தரின் பெயருக்கும் நேரே அன்று வரவேண்டிய தொகையும் நிலுவை வீதமும் எழுதப்பட்டிருக்கும். நிலுவை குறிப்பிட்ட அளவுக்கு மேலே போனவர்களின் பெயர் சிவப்பு மையில் இருக்கும். சிவப்புப் பெயருக்குரியவர் எழுந்து நிற்க வேண்டும். நின்றபடியே ஒவ்வொரு வாடிக்கையாளரின் நிலுவைக்கும் காரணம் சொல்ல வேண்டும். சொல்லும் காரணம் எதுவும் ஏற்கப்படாது. மற்றவர்கள் கதிரைகளில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாளைக்குத் தங்களுடைய பெயர் சிவப்பாகலாம் என்பதால் எவரும் வாய் திறப்பதில்லை.

வாடிக்கையாளர் யாராவது கிளைக்குள் இருந்தால் முகாமையாளர் இவரை "மிஸ்" என்று அழைப்பார். கதவு சாத்திய கூட்டத்தில் "வாடி", "போடி". இரவு ஒன்பது மணிக்கு அன்றைய வசூல் விபரத்தை வட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். அதன் பிறகு, சில நாட்களில் பதினொரு மணிக்கும், முகாமையாளரின் குரல் பதிவுகள் வரும். நான் கேட்டவற்றில் ஒன்று இது: "படுவான்கரையில மாடு மேய்க்க வேண்டியதெல்லாம் இஞ்ச வந்து பேனை புடிச்சிக்கி நிக்கிது. நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு முதல் அந்த நிலுவை வரணும். வரல்லண்டா நீ கிளைக்குள்ள காலெடுத்து வைக்காத." இன்னொன்றில், இவருக்கு இன்னும் மாப்பிள்ளை அமையாததையும் இவருடைய முகத்தையும் சேர்த்துப் பேசியிருக்கிறார். அதற்கு மேலும் சில பதிவுகள் உள்ளன. அவற்றை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. குழுவில் இருந்த பன்னிரண்டு பேரும் அவற்றைக் கேட்டிருக்கிறார்கள்; மறுநாள் காலையில் ஒருவரும் அதைப் பற்றி இவரிடம் பேசவில்லை.

ஊரைச் சொல்லி ஏசுவதன் கொடுமை வெளியில் இருப்பவர்களுக்கு உடனே விளங்காது. வாவிக்கு மேற்கே பிறந்தவர் எவ்வளவு படித்தாலும் வயலும் மாடும்தான் அவருக்கு என்ற ஏளனம் கரையோரத்தில் இன்னும் இருக்கிறது. அந்த ஏளனத்தைத் தாண்டுவதற்காகவே படித்து, சாரி உடுத்து, கணக்குப் புத்தகத்தோடு பாலத்தைக் கடந்து வந்த ஒருவரை, அதே சொல்லால் சக ஊழியர்களுக்கு முன்னால் அடிக்கும்போது, அது அவருடைய தாய் தகப்பனையும் அவர் பிறந்த மண்ணையும் சேர்த்தே அடிக்கிறது.

இவர் ஒரு தடவை உதவி முகாமையாளரிடம் முறையிட்டிருக்கிறார். அவரும் இவரைப் போலவே வெளிக்களத்தில் தொடங்கி மேலே வந்தவர். "அடிக்கிற கைதான் அணைக்கும், தங்கச்சி. சேர் ஏசுறது எங்கட நன்மைக்குத்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பள்ளிக்கூடத்தில் தொடங்கி வேலைத்தளம் வரைக்கும் நம்மிடையே ஓடிக்கொண்டிருக்கும் இந்த நம்பிக்கையை நான் மிகவும் ஆபத்தானதாகக் கருதுகிறேன். நான்கு வருடங்கள் எட்டு மாதங்களில் அந்தக் கை ஒரு நாளும் அணைக்கவில்லை. சிறந்த வசூல் காட்டிய மாதங்களில் இவருக்குக் கிடைத்ததெல்லாம் அடுத்த மாதத்துக்குக் கூட்டப்பட்ட இலக்கு மட்டுமே.

ஏச்சு இறங்கிய வழி

கிளை முகாமையாளரும் ஏச்சு வாங்குபவர்தான். மாதத்தில் இரண்டு தடவை பிராந்திய அலுவலகத்தில் நடக்கும் கூட்டத்திலிருந்து அவர் திரும்பி வந்த மறுநாள் காலைகளில் கூட்டம் இரண்டு மணித்தியாலம் நீளும் என்று மூன்று ஊழியர்கள் தனித்தனியாகச் சொன்னார்கள். மேலிருந்து வந்த ஏச்சு கிளையில் நிற்கவில்லை. ஸ்கூட்டியில் ஏறிப் பாலத்தைக் கடந்து கிராமத்துக்குப் போனது.

2024 நவம்பர் இறுதியில் கிழக்கில் பெய்த பெருமழையும் வெள்ளமும் எல்லோரும் அறிந்தவை. பெரும்போகத்துக்கு விதைத்த வயல்கள் தண்ணீருக்குள் கிடந்தன. களை பிடுங்கக் கூலிக்குப் போகும் பெண்களுக்கு வேலை இல்லை. பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. குழுக்கடன் எடுத்திருந்த பெண்களில் பெரும்பாலானோர் இந்தக் கூலியை நம்பியே கிழமைத் தவணையைக் கட்டி வந்தவர்கள். டிசம்பர் முதல் கிழமையில் முறைப்பாட்டாளர் இதைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னபோது, "வெள்ளம் வயலுக்குத்தான் வந்தது, தவணைக்கு வரல்ல" என்று பதில் கிடைத்தது. வசூல் வரும் வரைக்கும் அந்தந்த வீட்டு வாசலிலேயே இருந்துகொள்ளும்படி உத்தரவு.

அந்த மாதத்தில் நடந்த ஒன்றை அவர் என்னிடம் சொன்னார். முதல் சந்திப்பில் தனக்கு நேர்ந்தவற்றைச் சொல்லும் முன்னர் இதைத்தான் சொன்னார். தையல் மெஷின் வாங்கக் கடன் எடுத்த ஒரு பெண்ணின் வீட்டுக்கு மத்தியானம் போய், பொழுது படும் வரை முற்றத்தில் இருந்திருக்கிறார். அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தன. அந்தப் பெண் தேத்தண்ணீர் கொடுத்தார், இவர் குடிக்கவில்லை. கடைசியில், "பிள்ளைகள வெச்சிக்கிக் கடன் வாங்கக்குள்ள இது தெரியல்லயா? மாடு மாதிரி முழிச்சிக்கி நிக்கிறாய்" என்று ஏசிவிட்டு எழுந்து வந்தார். மறுநாள் காலையில் அந்தப் பெண் காதில் கிடந்த தோட்டை அடகு வைத்துத் தவணையைக் கட்டினார். "எனக்கு ஏசின சொல்லையே நான் அந்த அக்காவுக்கு ஏசினேன், சேர். எனக்கு ரெண்டு வயசுதான் அவ மூப்பு" என்று சொல்லி அழுதார்.

நுண்கடனால் கிராமத்துப் பெண்கள் படும் துன்பம் பற்றி இந்த நாட்டில் நிறையப் பேசப்பட்டிருக்கிறது. நுண்நிதி நிறுவனங்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்ற சட்டம் 2016இல் வந்தது. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு 2018இல் அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. இந்தப் பேச்சில் வசூலிக்க வருபவர் எப்போதும் கொடுமைக்காரராகவே காட்டப்படுகிறார். அவர் காலையில் எந்த அறையிலிருந்து புறப்பட்டு வருகிறார், அங்கே அவருக்கு என்ன நடந்தது என்று கேட்டவர்கள் குறைவு. கடன் எடுத்த பெண்ணின் முற்றத்தில் விழும் ஏச்சை நிறுத்த வேண்டுமானால் அந்தக் காலைக் கூட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பது இந்த நிகழ்வு எனக்குக் காட்டிய விடயங்களில் முதன்மையானது.

விலகல் கடிதம்

தைப்பொங்கலுக்கு அடுத்து வந்த சனிக்கிழமை, கூட்டம் முடிந்த பிறகும் முறைப்பாட்டாளரை உட்கார விடவில்லை. பத்து மணி வரை பலகைக்கு அருகே நின்றார். பிறகு முகாமையாளரின் அறைக்கு அழைக்கப்பட்டார். மேசையில் ஒரு வெள்ளைத்தாளும் பேனையும் இருந்தன. "கடிதத்த எழுதித் தந்துட்டுப் போ. தந்தாயெண்டா பிணை வெச்ச ஆக்களுக்குக் கரைச்சல் இல்ல. இல்லாட்டி விசாரணை வெச்சி, காசு குறையுது எண்டு பொலிசுக்குப் போவம்" என்று முகாமையாளர் சொன்னார். காசு எதுவும் குறையவில்லை. அன்றைய தினம் வரை அவருடைய பற்றுச்சீட்டுப் புத்தகங்கள் சரியாக இருந்தன என்பதை நிறுவனமே பின்னர் ஏற்றுக்கொண்டது. ஆனால் மாமனின் முகமும் ஆசிரியரின் முகமும் கண்ணுக்குள் வந்து நின்றதாக அவர் சொன்னார். உதவி முகாமையாளர் வசனம் வசனமாகச் சொல்ல, இவர் எழுதினார்: "எனது சொந்தக் காரணங்களுக்காக இன்று முதல் சேவையிலிருந்து விலகிக்கொள்கிறேன்." பாலத்தை அடையும் முன்பே வட்ஸ்அப் குழுவிலிருந்து அவருடைய இலக்கம் நீக்கப்பட்டிருந்தது.

இந்த ஒரு வசனம் எவ்வளவு பெரிய இழப்பைக் கொண்டுவரும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இதே வசனத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் எத்தனையோ பேர். வேலை நீக்கத்துக்கு எதிராக ஊழியர் ஒருவர் தொழில் நியாய மன்றுக்குப் போகலாம் என்று 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவு சொல்கிறது. நீக்கியதை நிறுவனம் ஒப்புக்கொண்டால், அது நியாயமான காரணத்துக்காகச் செய்யப்பட்டது என்று நிறுவனமே முதலில் காட்ட வேண்டும். "நாங்கள் நீக்கவில்லை, அவரே விலகினார்" என்று நிறுவனம் மறுத்தால், தான் நீக்கப்பட்டதை ஊழியர் நிரூபிக்க வேண்டும். அந்த வெள்ளைத்தாள் சுமையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிவிடுகிறது. கடிதம் கொடுக்காமல் பயத்தில் வீட்டில் இருந்துவிட்டாலும் பாதுகாப்பில்லை. பதவியைத் தானாகவே கைவிட்டுச் சென்றதாக நிறுவனம் சில நாட்களில் கடிதம் அனுப்பும்.

இன்னொரு விடயமும் உண்டு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருட சேவையைப் பூர்த்தி செய்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்க வேண்டும். முறைப்பாட்டாளருக்கு ஐந்து வருடம் பூர்த்தியாக நான்கு மாதங்கள் இருந்தன. இது திட்டமிட்டுச் செய்யப்பட்டது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. எனினும் அதே கிளையில் அவருக்கு முன் விலகிய இருவரும் ஐந்து வருடத்தைத் தொடாமலே போயிருக்கிறார்கள்.

விலகிய பின் சில கிழமைகளுக்கு அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. போன் அடித்தால் உடம்பு நடுங்கியது. இரவு ஒன்பது மணிக்குத் தானாகவே விழிப்பு வந்து, பதினொரு மணி வரை காத்திருப்பது போல இருந்தது. தாய் கோயிலில் நூல் கட்டிப் பார்த்தார். பிறகு அயல்வீட்டு ஆசிரியரே அவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றார். வைத்தியர் திகதியோடு எழுதிய கிளினிக் குறிப்பில், வேலைத்தளத்து மன அழுத்தம் பற்றி நோயாளி கூறியவை பதியப்பட்டிருந்தன. பின்னர் எங்களிடம் இருந்த மிக உறுதியான எழுத்து ஆதாரம் அந்தச் சிறு குறிப்புத்தான். தூக்கம் போய், மனம் உடைந்து கிடப்பவர்கள் ஆதாரம் தேடுவதற்காக அல்லாமல் தங்களுடைய சுகத்துக்காகவே வைத்தியரிடம் போக வேண்டும். போக முடியாதவர்கள் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

தொழில் அலுவலகத்திலும் மன்றிலும்

ஏப்ரலில் அவர் என்னிடம் வந்தபோது மூன்று மாதம் முடியும் தறுவாயில் இருந்தது. மன்றுக்கான விண்ணப்பம் வேலை முடிவுற்ற திகதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொடுக்கப்பட வேண்டும். அதைத் தாண்டினால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு மூடிவிடும். முதலில், விலகல் கடிதம் தன் விருப்பத்தில் எழுதப்பட்டதல்ல என்றும், யார் சொல்ல, எந்த அறையில், என்ன பயமுறுத்தலின் கீழ் எழுதப்பட்டது என்றும் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினோம். பதில் வரவில்லை. பின்னர் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கப்பட்டது.

அங்கே இருந்த உத்தியோகத்தர் அனுதாபத்தோடு கேட்டார். நிறுத்தி வைத்திருந்த ஜனவரிச் சம்பளத்தையும் சேவைச் சான்றிதழையும் பெற்றுக் கொடுத்தார். நாளுக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு நாற்பத்தைந்து மணித்தியாலம் என்ற 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் வரம்பு மீறப்பட்டதைக் குறித்துக்கொண்டு, மேலதிக நேரக் கொடுப்பனவு பற்றிக் கேள்வி கேட்டார். ஏச்சைப் பற்றிச் சொன்னபோது பேனையை வைத்துவிட்டார். "இதுக்கு நான் எந்தச் சட்டத்தின் கீழ எழுதுறது, தங்கச்சி?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நேர்மையானது. நிறுவனத்தின் பிரதிநிதியோ, வசூல் அழுத்தம் இந்தத் தொழிலின் இயல்பு என்றும், தாங்க முடியாதவர்கள் விலகுவது வழமை என்றும் சொல்லி முடித்தார்.

ஜூனில் தொழில் நியாய மன்றில் விண்ணப்பம் தாக்கல் செய்யப்பட்டது. எதிர்பார்த்தபடியே நிறுவனம் வேலை நீக்கத்தை மறுத்து, விலகல் கடிதத்தை முன்வைத்தது. விலகல் கடிதத்துக்குப் பின்னால் போய், தொடர்ந்து வேலை செய்ய முடியாத நிலையை முதலாளி உண்டாக்கினாரா என்று பார்த்து, அதை வேலை நீக்கமாகவே கருதும் அதிகாரம் மன்றுக்கு இருக்கிறது. ஆனால் ஆதாரம் வேண்டும். குழுவிலிருந்து நீக்கப்பட்ட பின் முறைப்பாட்டாளர் வெறுப்பில் அந்த உரையாடல் முழுவதையும் போனிலிருந்து அழித்துவிட்டிருந்தார். அவை அதே கிளையில் வேலை செய்து விலகிய, கல்முனைப் பக்கத்து முஸ்லிம் சகோதரர் ஒருவரிடம் இருந்தன. முறைப்பாட்டாளர் அவரை, அண்ணன் என்ற பொருளில், காக்கா என்றுதான் அழைப்பார். வேறு நிறுவனத்தில் வேலை தேடிக்கொண்டிருந்த நிலையிலும், பெயர் வெளியில் வந்தால் கிடைக்கிற வேலையும் கெடலாம் என்று தெரிந்தும், அவர் தம் போனோடு வந்து சாட்சிப் பட்டியலில் பெயர் கொடுத்தார். அவருடைய துணிவு இல்லாவிட்டால் இந்த வழக்கு நின்றிருக்காது என்றே நினைக்கிறேன். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் இறுக்கமான விதிகளால் மன்று கட்டுப்பட்டதல்ல என்று கைத்தொழில் பிணக்குகள் சட்டமே சொல்வதால், அந்தக் குரல் பதிவுகளை முன்வைப்பதில் பெரிய தடை எழவில்லை.

பதிவுகளின் எழுத்து வடிவம் கையளிக்கப்பட்ட விசாரணை நாளுக்கு அடுத்த விசாரணை நாளில் நிறுவனம் இணக்கத்துக்கு வந்தது. சில மாதச் சம்பளத்துக்குச் சமமான நட்டஈடும், பிணையாளிகள் இருவரின் பத்திரங்களைத் திருப்பிக் கொடுப்பதும் முன்மொழியப்பட்டன. அவர்கள் கொண்டுவந்த வரைவில், "எவ்விதத் துன்புறுத்தலும் இடம்பெறவில்லை என விண்ணப்பதாரர் ஏற்றுக்கொள்கிறார்" என்று ஒரு வசனம் இருந்தது. கூரை போடப்படாத வீடும் லீசிங் பாக்கியும் இருந்த அந்தப் பெண், ஒரு மாத நட்டஈட்டைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, அந்த வசனத்தின் கீழ் கையெழுத்திட மாட்டேன் என்றார். வசனம் வெட்டப்பட்டது, நட்டஈடும் குறைக்கப்பட்டது. குற்றத்தை ஏற்கும் வசனம் எதுவும் சேர்க்கப்படவில்லை. முகாமையாளர் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போய் அங்கேயும் முகாமையாளராகவே இருக்கிறார்.

சட்டம் நிற்கும் இடம்

தொழில் உத்தியோகத்தர் கேட்ட கேள்வியை இங்கே மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். தனியார் நிறுவனத்தில் முதலாளி ஊழியரை வாயால் வதைப்பதற்கு எதிராக நம்மிடம் நேரடியான தொழிற்சட்டம் இல்லை. பாலியல் சார்ந்த சொற்கள் என்றால் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பொருந்தும். 1995இல் திருத்தப்பட்ட அந்தப் பிரிவு, அதிகாரத்தில் உள்ள ஒருவர் வேலைத்தளத்தில் சொல்லாலோ செயலாலோ செய்வதையும் குற்றமாக்கி, ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. முகாமையாளரின் சில பதிவுகள் இதற்குள் வரக்கூடியவை. ஆனால் பொலிசுக்குப் போவதை முறைப்பாட்டாளர் விரும்பவில்லை. கலியாணம் ஆகாத பெண் பொலிஸ் நிலையத்துப் படியேறினால் ஊரில் என்ன கதை எழும்பும் என்பது அவருக்குத் தெரியும். அந்த முடிவை நான் மதிக்கிறேன். பிணையாளிகளைச் சொல்லிப் பயமுறுத்தியது குற்றவியல் ரீதியான அச்சுறுத்தல் என்ற வகைக்குள் வரலாம். அதற்கும் பொலிசே வழி. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகங்கள் இருந்தாலும், அதன் அதிகாரம் அரச நிறைவேற்று, நிருவாகச் செயல்களோடு நின்றுவிடுகிறது.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் முரண்பாடு ஒன்று உண்டு. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம், கல்வி நிறுவனமொன்றில் ஒரு மாணவருக்கோ பணியாளருக்கோ உடலிலோ உள்ளத்திலோ தீங்கையும் மனவேதனையையும் பயத்தையும் விளைவிக்கும் செயலைக் குற்றமாக வரையறுக்கிறது. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழக வாசலுக்குள் நிற்கும் ஒரு பிள்ளைக்கு இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. வெட்டுப்புள்ளி காணாமல் வேலைக்குப் போன அதே வயதுப் பிள்ளையை அதே சொற்களால் வதைத்தால், அதை எழுத ஒரு பிரிவு இல்லை. சர்வதேச தொழில் அமைப்பு 2019இல் நிறைவேற்றி 2021இல் நடைமுறைக்கு வந்த 190ஆம் இலக்கச் சமவாயம், வேலை உலகில் ஒரு தடவை நிகழ்ந்தாலும் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தாலும், உடல், உள, பாலியல், பொருளாதாரத் தீங்கை விளைவிக்கும் நடத்தையை வன்முறையும் துன்புறுத்தலுமாகவே கருதுகிறது. அந்த வரையறையை நம் தொழிற்சட்டத்துக்குள் எழுதினால், தொழில் உத்தியோகத்தர் அன்று வைத்த பேனையை மீண்டும் எடுக்க முடியும். நுண்கடன் நிறுவனங்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவோரும், கடன் எடுத்தவரிடம் எப்படி வசூலிக்கிறீர்கள் என்று கேட்பதோடு நில்லாமல், வசூலிப்பவரை எப்படி நடத்துகிறீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

சட்டம் வரும் வரைக்கும் வேலையில் இருப்பவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. குரல் பதிவுகளை அழிக்காமல் வேறோர் இடத்தில் சேமித்து வைப்பது, கூட்டத்தில் நடந்ததை அன்றன்றே திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுவது, வெள்ளைத்தாள் நீட்டப்பட்டால் "வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்குத் தருகிறேன்" என்று மட்டும் சொல்லி எழும்பி வருவது ஆகியவற்றுக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. எழுதிக் கொடுத்துவிட்டாலும், மறுநாளே பதிவுத் தபாலில் மறுப்பு அனுப்ப வேண்டும். இந்த நிகழ்வில் மூன்று மாதத் தாமதத்தை நிறுவனம் கடைசி வரை எங்களுக்கு எதிராகப் பயன்படுத்தியது. சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர்கள் மட்டக்களப்பில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை நாடலாம். ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கம் ஒன்றைப் பதிவு செய்யலாம்; மன்றில் ஊழியருக்காகத் தொழிற்சங்கப் பிரதிநிதியும் தோன்ற முடியும்.

இணக்கம் முடிந்து சில மாதங்களின் பின் அதே கிளையிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். அவர்கள் இன்னும் வேலையில்தான் இருந்தார்கள். கடிதம் எதுவும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. காலைக் கூட்டத்தில் நிற்க வைப்பதையும், இரவுக் குரல் பதிவுகளையும், புதிய முகாமையாளர் சொன்ன சொற்களையும் திகதிவாரியாக எழுதி, தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியை மாவட்டத் தொழில் அலுவலகத்திலும் கொடுத்தார்கள். நிற்க வைப்பது அடுத்த கிழமையே நின்றுவிட்டது. இரவுப் பதிவுகள் தொடர்கின்றன. அவர்கள் அவற்றைச் சேமித்துக்கொண்டிருக்கிறார்கள்.